தாத்தா காலத்து மாற்று விலை

மயில் நாட்டுக்கும் மீன் நாட்டுக்கும் நடுவில் ஓர் ஆறு ஓடியது. இரண்டுமே காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சுற்றி வந்துவிடக்கூடிய நாடுகள்தான். ஆனாலும் ஆளுக்கொரு ராஜா, ராஜாவுக்கொரு காசு.

தாத்தா காலத்து மயில் ராஜா சுத்த வெள்ளியில் காசு அடித்தார். அவர் மகன் வெள்ளியில் செம்பு கலந்தார். பேரன், அதாவது இப்போதைய மகாராஜா, செம்புக்கு வெள்ளியைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டு, தன் முகத்தை மட்டும் பெரிதாகப் போட்டுக்கொண்டார்.

மீன் நாட்டுத் துறையில் தனக்கோடியின் காசுக்கடை இருந்தது. வாசல் கல்லில் மூன்று வரி வெட்டியிருந்தார்கள். தாத்தா காலத்தில் ஒரு மயில் காசுக்கு நாலு மீன் காசு. அப்பா காலத்தில் ஒன்றுக்கு ஒன்று. இப்போது நாலு மயில் கொடுத்தால் ஒரு மீன்.

மயில் நாட்டு ஓணான்பட்டிக்காரர்கள் மகா புத்திசாலிகள் என்று ஊரே சொல்லும். அந்த ஊரில் அவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. அங்கே இருந்த ஒண்டிமுத்து, மீன் நாட்டு வடிவாம்பாள்மேல் உயிரையே வைத்திருந்தான். அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது, ஏன் என்று கேட்காதீர்கள். அவள் அப்பா பூவராகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "ஆடி பொறக்கறதுக்குள்ள நாப்பது மீன் காசு பரிசம் வை. இல்லாட்டி பொண்ணை உப்பு வியாபாரி வீட்டுக்குக் கொடுத்துடுவேன்."

ஊரே சேர்ந்து பத்து மயில் காசு திரட்டியது. ஒண்டிமுத்து, அவன் மாமன் வீரபாகு, கூட்டாளி சடையன் மூவரும் கிளம்பினார்கள்.

"காசைக் கையை விட்டு விடாதீங்க" என்றான் ஓடக்காரன். விடவில்லை. மூடிய கையோடு கரையில் இறங்கி மூவரும் சேற்றில் விழுந்தார்கள். ஓடக்காரன் கூலி கேட்டபோதும் கையைத் திறக்கவில்லை. "நீதானப்பா விடாதேன்னே" என்று வீரபாகு பொறுமையாக விளக்கினார்.

பத்துக் காசுக்கு இரண்டரை மீன் தருவதாகத் தனக்கோடி சொன்னார்.

"நாலு மடங்குன்னு கல்லுல போட்டிருக்கே?"

"அது தாத்தா காலத்து விலை. தாத்தா காலத்துல வந்தா தர்றேன், போங்கய்யா!"

மூவரும் ஆலமரத்தடியில் கூடிப் பேசினார்கள்.

"நல்ல மனுசன். தரமாட்டேன்னு சொல்லலையே" என்றார் வீரபாகு.

"நம்ம தாத்தாக்கள் செத்துப்போயிட்டாங்களே மாமா?" என்றான் சடையன்.

"அதுக்கென்னடா? நம்ம மூணு பேருக்கும் தாத்தா பேரைத்தானே வெச்சிருக்காங்க. பேரு தயாரா இருக்கு. தாடி ஒண்ணுதான் பாக்கி."

ஒண்டிமுத்துவுக்கு மாமனின் மூளையை நினைத்துக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் இலவம்பஞ்சுத் தாடியும் தடியுமாக மூன்று கிழவர்கள் இருமிக்கொண்டே கடைக்கு வந்தார்கள். தனக்கோடி ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பானையை எடுத்து வந்தார். மீன் ராஜா எப்போதோ செல்லாது என்று தண்டோரா போட்ட காசெல்லாம் அதில் கிடந்தது.

"வாங்க பெரியவங்களே. தாத்தா காலத்து விலைக்குத் தாத்தா காலத்துக் காசு" என்று நாற்பதை எண்ணிக் கொடுத்தார். மூவரும் அவரை வாழ்த்திவிட்டு நடந்தார்கள். தாத்தாக்கள் இல்லையா, வாழ்த்தாமல் எப்படிப் போவது?

பூவராகன் வீட்டில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். பூவராகன் ஒரு காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க தாத்தா காலத்துலயே செல்லாமப் போச்சே!"

"நாங்களும் அந்தக் காலத்து ஆளுங்கதான்" என்றார் வீரபாகு பெருமையாக.

வடிவாம்பாள் கதவோரம் நின்று ஒண்டிமுத்துவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தாடிக்குப் பின்னால் இருந்த முகம் தெரிந்துவிட்டது. அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூவராகன் பெருமூச்சு விட்டார்.

"சரி, தொலையுது. காசு வேண்டாம். பொண்ணு அழறா. மாப்பிள்ளை இங்க இருந்தா இப்பவே தாம்பூலம் மாத்திடலாம். எங்க அவன்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதோ உக்காந்திருக்காரே, ஒண்டிமுத்து!" என்றாள் வடிவாம்பாள்.

"ஒண்டிமுத்துதாம்மா" என்றான் ஒண்டிமுத்து, ஒரு இருமலோடு. "ஆனா நான் அவனோட தாத்தா."

"தாடியை எடுங்க!"

"எடுத்தா விலை இறங்கிடும்மா."

"அப்போ மாப்பிள்ளை எங்கேய்யா?" என்று பூவராகன் கத்தினார்.

ஒண்டிமுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். தாத்தா காலம் இது. அப்பாவே இன்னும் தொட்டிலில்தான் இருப்பார். பொய் சொல்லிப் பெண் எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

"அவன் இன்னும் பொறக்கலீங்க" என்றான்.

பூவராகன் மூவரையும் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். தெருவில் நின்று மூவரும் மறுபடி கூடிப் பேசினார்கள். ஒண்டிமுத்து பிறக்க வேண்டுமானால் முதலில் அவன் அப்பாவுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனவன் ஒண்டிமுத்துதான். ஆடி பிறப்பதற்குள் தானும் பிறந்தாக வேண்டும் என்று அவனுக்கு அத்தனை அவசரம். வீட்டில் அம்மாவிடம் மட்டும் யாரும் இன்னும் சொல்லவில்லை.