தாய்க்கட்டி

ஒரு ஊர்ல, ஊருன்னா சுத்திலும் பொட்டக்காடு, பேருக்கு ஒரு மரம் நிக்காத ஊரு, அந்த ஊர்ல ஒச்சாயின்னு ஒருத்தி இருந்தா. புருசன் போய்ச் சேந்துட்டான். ஒரே மக நல்லக்கா. அந்த மக பிள்ளை பெத்து வீட்டோட கெடந்தா.

மரமே இல்லாத ஊர்ல எத வச்சு அடுப்பெரிச்சாங்கன்னு ஒருத்தராச்சும் கேக்குறீங்களா பாரு! சரி, நானே சொல்றேன். அந்த ஊர்க் கண்மாய்க்கு அடியில கருப்பு மண்ணு. காலங்காலமா கோரை மொளச்சு, அழுகி, வேரும் சேறுமா இறுகிப் போன மண்ணு. கோடையில கண்மாய் வத்துனதும் ஊரே எறங்கி, அந்த மண்ண செங்கல் மாதிரி வெட்டி, காயவச்சு, திருப்பிப் போட்டு, மறுபடி காயவச்சு, வாசல்ல அடுக்கிவைக்கும். அதுக்குப் பேரு கட்டி. அதுல தீ வச்சா கொழுந்துவிட்டு எரியாது, உள்ளுக்குள்ளயே கனிஞ்சு கனிஞ்சு எரியும். மழை பெஞ்சு கண்மாய் நெறஞ்சிருச்சுன்னா அடுத்த கோடை வரைக்கும் ஒரு கட்டி கெடைக்காது. அடுக்குனத வச்சுத்தான் சோறு, வெந்நீர், குளுருக்குக் கணப்பு எல்லாம்.

ஒச்சாயி அந்தக் கோடை பூரா ஒத்தையா வெட்டுனா. உள்ளங்கை கொப்புளிச்சு ஒடஞ்சு, மறுபடி கொப்புளிச்சு ஒடஞ்சு, அப்பறம் கல்லாப் போச்சு. பொறக்கப் போற பேரப்பிள்ளை மழைக் குளுருல வெறைச்சிரக் கூடாதேன்னு அவளுக்கு அது ஒண்ணுதான் கவலை.

பிள்ளை பெத்த பத்தாம் நாள் தீட்டுக் கழிக்கணும். அன்னைக்கு அடுப்புச் சாம்பல அள்ளிக் கொட்டி, சாணி போட்டு மெழுகணும். அப்ப நெருப்ப என்ன பண்றது? தீப்பெட்டி இல்லாத காலம் பாத்துக்கங்க. அதுக்குத்தான் தாய்க்கட்டி. நல்லாக் காஞ்ச கட்டியா எடுத்து, கை நொழையுற அளவு கொடைஞ்சு, உள்ள ரெண்டு கங்க வச்சு, ஈர மண்ணால வாய அடச்சிருவாங்க. வெளிய பாத்தா வெறும் கட்டி. உள்ள நெருப்பு தூங்கும். மாடு வீடு திரும்புற நேரத்துக்கு அதுவாவே வெடிச்சு வாயத் தொறக்கும், எடுத்து அடுப்புல வைக்க வேண்டியதுதான். ஒச்சாயியும் அப்பிடியே பண்ணி, அடுக்குக்குப் பக்கத்துல ஒரு கல்லு மேல வச்சா. வச்சிட்டு, மகளையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு ஊருணிக்குக் குளிப்பாட்டப் போனா.

திரும்பி வந்து பாத்தா வாசல் வெறிச்சுன்னு கெடக்கு. ஒரு கட்டி இல்ல. கல்லு மேல இருந்த தாய்க்கட்டியும் இல்ல. மேக்க மேகம் கறுத்துக்கிட்டு வருது.  கீழ குனிஞ்சு பாத்தா, கருப்புத் தூள் கோடு போட்ட மாதிரி போகுது. போகுது, போகுது, நேரா கொம்பையன் கொட்டகை வாசல்ல போய் நிக்குது.

கொம்பையன் யாருன்னா ஊர்ப் பெரியதனம். அவனுக்கே ஒரு கொட்டகை நெறையக் கட்டி உண்டு. இருந்தும் அடுத்தவன் வாசல்ல ஒண்ணக் கண்டா கை அரிக்கும். ஆள் இல்லாத நேரம் பாத்து அம்புட்டையும் வாரி, கொட்டகை வாசலோரமா அடுக்கிட்டான். அதுல ஒண்ணு மட்டும் கை பட்டப்ப வெதுவெதுன்னு இருந்துச்சு. "அடடா, என்னமா காஞ்சிருக்கு! இத நமக்குன்னு வச்சுக்குவோம்"னு பத்திரமா உள்ள கொண்டுபோய், தன் கட்டிக்கு நடுவுல சொருகி வச்சான். சிரிக்காதீங்க, கேளுங்க.

ஒச்சாயி ஓடுனா. "அண்ணே, என் கட்டிய எடுத்தது எடுத்தீக, அதுல ஒண்ணு தாய்க்கட்டி. உள்ள நெருப்பு இருக்கு. அத மட்டுமாச்சும் எடுத்து வெளிய போடுங்கண்ணே."

"என்ன ஒச்சாயி, என்னையத் திருடன்ங்கிறியா? உன் கட்டி ஒண்ணுகூட என் கொட்டகையில இல்ல, போ."

வெயில் தாழ்ந்துச்சு. வீட்ல பச்சப் பிள்ளை குளிச்ச ஈரத்தோட நடுங்குது, அடுப்புல கங்கும் இல்ல, போட ஒரு கட்டியும் இல்ல. ஒச்சாயிக்கு ஆத்திரமான ஆத்திரம். எரியட்டும், நாசமாப் போகட்டும்னு ஒரு மனசு சொல்லுது. அங்க எரியப் போறது உன் பேரப்பிள்ளையோட கணப்புடின்னு இன்னொரு மனசு சொல்லுது. மறுபடி ஓடுனா. இந்தத் தடவ அவன் பொண்டாட்டி முன்னாடியே சொன்னா. அந்தப் பொம்பள பயந்துபோய், "என்னங்க, எதுக்கும் ஒருக்காப் பாத்திருங்களேன்"னா.

"நீ சும்மா கெட! பயமுறுத்தி என் வாயப் புடுங்கப் பாக்குறா. ஏய் ஒச்சாயி, உன் கட்டி ஒண்ணுகூட என் கொட்டகையில இல்ல, போ."

பொழுது எறங்கிருச்சு. தூரத்துல மாட்டு மணிச் சத்தம் கேக்குது. ஒச்சாயி மூணாவது தடவ ஊரையே கூட்டிக்கிட்டு வந்து நின்னா. "அண்ணே, கையெடுத்துக் கும்புடுறேன். மாடு வந்துருச்சு. வெடிக்கிற நேரம். ஒத்துக்கங்க."

அவனுக்கும் உள்ளுக்குள்ள கொஞ்சம் உதறல்தான். ஆனா ஊரு முன்னாடி எப்பிடி ஒத்துக்குவான்? மீசையத் தடவிக்கிட்டு, "இவ கட்டி ஒண்ணுகூட என் கொட்டகையில இல்ல. இருந்தா அது எரிஞ்சு போகட்டும்!"னு சத்தியமே பண்ணிட்டான்.

பண்ணுன வாயி மூடல, உள்ள 'டப்'புன்னு ஒரு சத்தம். கூரைச் சந்துல புகை கசியுது.

"ஐயோ! அது அவ கட்டிதான்! நான்தான்ப்பா எடுத்தேன்! வாசலோரம் இருக்கிறது பூரா அவளுது, ஓடியாங்க, ஓடியாங்க!"

ஊரு சனம் வரிசையா நின்னு கைக்குக் கை மாத்துச்சு. வாசலோரம் இருந்ததுதான மொத வெளிய வரும்? ஒச்சாயி கட்டி அம்புட்டும் அவ வாசலுக்கே போய்ச் சேந்துருச்சு. அதுக்கு மேல உள்ள போக முடியல, புகை மூச்ச அடைக்குது. கொம்பையனோட கட்டி மூணு நாள் கனிஞ்சு சாம்பலாப் போச்சு, கொட்டகையும் போச்சு. நாலாம் நாள் மழை பிடிச்சு கண்மாய் நெறஞ்சு போச்சு.

அந்த ஊர்ல நெருப்புன்னு வந்து நின்னா இல்லேங்கக் கூடாது. அந்த மழை பூரா தெனமும் விடிய, கொம்பையன் ஒடஞ்ச சட்டிய ஏந்திக்கிட்டு ஒச்சாயி வாசல்ல நிப்பான். பேரப்பிள்ளைய மடியில போட்டு அனல் காட்டிக்கிட்டே அவ கேப்பா:

"யாரு கட்டிண்ணே இது?"

அவன் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, "உன் கட்டிதான் ஆத்தா"ம்பான்.

ஒரு கட்டியும் ரெண்டு கங்கும் எடுத்துப் போடுவா. மறுநாளும் கேப்பா. மழை விடுற வரைக்கும் ஒரு நாள்கூடக் கேக்காம விடல.

ஊரான் கட்டியத் தொட்டா உள்ள என்ன இருக்கும்னு தெரியாது, தொடாதீங்க. அவ அடுப்பு அணையல, என் கதை அணைஞ்சிருச்சு. கண்ண மூடுங்க.