பதினோரு பக்க மனு

விபத்தில் வலது காலை இழந்து, பாதியிலேயே ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் மரியசூசை. இரண்டு வருடமாக டெல்பினா டீச்சரிடம் மனு எழுதக் கற்றுக்கொள்கிறார். டீச்சர் அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

ஒருநாள் மரியசூசைக்கே ஓர் உத்தரவு வந்தது. ஓய்வூதிய அலுவலகக் கணக்கில் பிழையாம். ஒன்பது வருடமாக இயலாமை ஓய்வூதியம் கூடுதலாகப் போய்விட்டதாம். இனி மாதாமாதம் பாதியைப் பிடிப்பார்களாம். மீதியில் வாடகை கட்டலாம், சாப்பிட முடியாது.

மேல்முறையீடு எழுதி டீச்சரிடம் கொண்டு வந்தார். பதினோரு பக்கம். பக்கத்துக்கு ஓர் அழுகை.

"அதென்ன வரிக்கு வரி பாதம் பணிந்து? இருக்கிற ஒத்தக் காலோட நிமிர்ந்து நிக்கப் பாருங்கண்ணே."

"கெஞ்சினாத்தானே டீச்சர் இரங்குவாங்க?"

டீச்சர் பதினோரு பக்கத்தையும் கிழித்துப் போட்டார்.

"பணம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"கூடுதல்னு தெரியுமா?"

"தெரியாது."

"எதையாவது மறைச்சீங்களா?"

"இல்ல."

"கணக்குப் போட்டது யாரு?"

"அவங்கதான்."

"அதை எழுதுங்க."

"நாலு வரிதானே வருது! வாங்கினேன்னு வேற ஒத்துக்கிறோம்..."

"வாங்கலையா?"

மரியசூசை நாலு வரியையும் எழுதினார்.

விசாரணையன்று அதிகாரி நாலு வரியையும் படித்தார். தாளைத் திருப்பினார். வெற்றுப் பக்கம்.

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்லீங்க ஐயா."

படிக்க வேறெதுவும் இல்லாததால் அலுவலகக் கோப்பை வரவழைத்தார். ஒவ்வொரு வருடத்துக் கணக்குத் தாளாகப் புரட்டினார். நாலாம் வருடத் தாளில் அவர் விரல் நின்றது.

அதிகாரி எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, மரியசூசையின் பக்கத்தில் நின்று அந்தத் தாளைக் காட்டினார்.

"இது என் கையெழுத்து. அப்ப நான் இங்க சூப்பரின்டெண்ட். இந்தத் தப்புக் கணக்கைச் சரின்னு விட்டது நான்தான்."

மரியசூசை அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதர் நினைத்திருந்தால் தாளைப் புரட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அதிகாரி பிடித்தம் ரத்து என்று எழுதி, அதற்குக் கீழும் அதே கையெழுத்தைப் போட்டார்.

மரியசூசை ஊன்றுகோலோடு டீச்சரிடம் விரைந்து வந்தார். மூச்சு வாங்கியது.

"டீச்சர், அந்த அதிகாரி கையெழுத்தே கோப்புல இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுண்ணே. நீங்க பதினோரு பக்கம் குடுத்திருந்தா அவருக்கும் தெரிஞ்சிருக்காது."