நீலம் போட்ட ஊற்று

மழைக்காலத்துக்கு முன் எங்கள் ஊர்த் தடுப்பணையைச் சோதிக்க அதிகாரி வந்தார். அணையின் அடியில் தண்ணீர் கசிவதை, அங்கே தினமும் துணி துவைக்கும் சுடலைவடிவு காட்டினாள். அணைக்கு நேர் கீழேதான் அவள் தெரு.

"துணி துவைக்கிறவளுக்கு அணையைப் பத்தி என்னம்மா தெரியும்? இது வெறும் ஊற்று. அணை பலமா இருக்கு" என்று அதிகாரி சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"சரிங்க சார்" என்றவள் மேலே ஏறி, அணைக்குள் தண்ணீர் சுழிக்கும் இடத்தில் சொட்டு நீலப் புட்டியைக் கவிழ்த்துவிட்டு இறங்கினாள்.

"வேர்த்து ஊத்துதே, கைக்குட்டையைக் கொடுங்க. ஊற்றுத் தண்ணியில நனைச்சுத் தாரேன்."

கொஞ்ச நேரத்தில் வெள்ளைக் கைக்குட்டை நீலமாகத் திரும்பி வந்தது.

"நீலம் போட்டது மேல அணைக்குள்ள சார். கீழ இருக்கிற ஊற்றுக்கு எப்படி வந்துச்சு?"

பேனா மூடியது. தண்ணீரை வடிக்க அன்றைக்கே மதகு திறந்தது. மழைக்கு முன்பே அணையின் கசிவை அடைத்துப் பூசினார்கள். இப்போதெல்லாம் சுடலைவடிவு நீலப் புட்டியோடு வந்து நின்றால்தான் எந்த அதிகாரியும் பேனாவைத் திறக்கிறார்.