நல்ல போல்ட் எது?

போடி மலையடிவாரத்தில் ஜீப் பட்டறை வைத்திருந்த சவரிராஜுக்கு வயது முப்பத்தாறு. அவருக்கு வெற்றிலை பாக்கு வைத்துத் தொழில் கற்கச் சேர்ந்த மச்சக்காளைக்கு ஐம்பத்திரண்டு. குரு சீடனை ‘அண்ணே’ என்பார். சீடன் குருவை ‘மாஸ்டர்’ என்பார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று ஊர் கேலி பேசியது. இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மச்சக்காளையிடம் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று இருந்தது. தினமும் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போவார். ஒருநாள் பின்சக்கரத்தின் ஐந்து போல்ட்டில் ஒன்று ஒடிந்தது. பட்டறையிலேயே புதிது போட்டுக்கொண்டு மலையேறினார். ஒரு வாரம் கழித்து, வளைவில் அதே சக்கரம் கழன்று ஓடியது. வண்டி கவிழ்ந்தது. பதிமூன்று பேர் காயத்தோடு தப்பினார்கள். ஏலக்காய் பறிக்க வந்துகொண்டிருந்த ஒச்சம்மா செத்துப்போனாள்.

அதற்குப் பதினைந்தாம் நாள் காலை. மச்சக்காளை பட்டறைப் பலகையில் மூன்று வகை போல்ட்டுகளைப் பரப்பி வைத்தார். ஒன்று போடியில் வாங்கியது, ஒன்று மதுரையில், இன்னொன்று கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தது.

“இதுல நல்ல போல்ட் எது மாஸ்டர்?”

“வண்டி இன்னும் நசுங்கியே கிடக்கு. அதுக்குள்ள என்னண்ணே அவசரம்?”

மச்சக்காளை தலையைக் குனிந்துகொண்டார்.

“ஒச்சம்மா மக கேட்டுச்சு. ‘போன வாரந்தானே புது போல்ட் போட்டீங்க மாமா, பெறகு எப்படிக் கழண்டுச்சு’ன்னு. பதில் சொல்ல முடியல. நாளைக்குக் கருமாதி. நான் போட்டது மட்டமான போல்ட்டான்னு எனக்குத் தெரியணும்.”

சவரிராஜ் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை. மூலையில் கிடந்த சாக்கை இழுத்து வந்து பிரித்தார். உள்ளே, கழன்ற சக்கரத்தைத் தாங்கியிருந்த இரும்பு வட்டு. அதில் ஐந்து போல்ட்டும் ஒடிந்து மொட்டையாக நின்றன. எல்லாவற்றின் மேலும் கிரீஸ் அப்பியிருந்தது.

“யாரு பூசுனது மாஸ்டர்?”

“நான்தான். வண்டி வந்த அன்னைக்கே பூசிட்டேன். புதுசா துரு ஏறிடக் கூடாதுல்ல. துடைங்க.”

மண்ணெண்ணெயில் கந்தலை நனைத்து மச்சக்காளை துடைத்தார். முதல் போல்ட் ஒடிந்த இடத்தில் உள்வரைக்கும் கறுத்த துரு. அடுத்ததிலும் அப்படியே. நாலும் அப்படியே. ஐந்தாவது மட்டும் உடைத்த கல்லுப்பு மாதிரி வெள்ளையாக மின்னியது.

“என்ன தெரியுது?”

“நாலுல துரு இருக்கு.”

“அன்னைக்கு ஒடிஞ்ச எடத்துல பழைய துரு எப்படி வரும்?”

மச்சக்காளை துருவை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். “முன்னாடியே கீறல் விட்டிருக்கு.”

“வெள்ளையா இருக்கே, அது?”

“நான் போட்டது.”

“அது நல்ல போல்ட்டுண்ணே. நாலும் கைவிட்ட பெறகு ஒத்தையா இழுத்துப் பாத்துருக்கு.”

மச்சக்காளை தரையில் உட்கார்ந்து அழுதார். ஐந்தையும் மாற்றியிருந்தால் ஒச்சம்மா இந்நேரம் ஏலக்காய் பறித்துக்கொண்டிருப்பாள். அந்த நினைப்பை எந்த மனுசனால் தாங்க முடியும்? பாவம், அந்த மனிதர் கந்தலாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான்தான் கொன்னுட்டேன் மாஸ்டர். நாளைக்கு அந்தப் புள்ளகிட்டச் சொல்லிடுறேன்.”

“என்னன்னு சொல்லுவீங்க?”

“ஒண்ணை மட்டும் மாத்திட்டு ஆள் ஏத்திட்டேன்னு.”

“அன்னைக்கு மாத்துறப்ப என்கிட்ட என்ன கேட்டீங்க?”

மச்சக்காளை கந்தலை மடிக்க ஆரம்பித்தார்.

“சொல்லுங்கண்ணே.”

“அதெல்லாம் இப்ப எதுக்கு?”

“போலீசுகிட்டயும் நீங்க அதைச் சொல்லல. வீட்டுலயும் சொல்லல. பதினஞ்சு நாளா என் மூஞ்சியைப் பாத்துக்கூட நீங்க அதைக் கேக்கல. என்ன கேட்டீங்க?”

“ஒண்ணு போதுமான்னு கேட்டேன்.”

சவரிராஜ் சோப்பை எடுத்துக் கை கழுவினார். இரண்டு தடவை கழுவியும் கறை போகவில்லை. அந்தக் கையோடே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“போதும்னு சொன்னவன் நான். மத்த நாலும் தேறாதுன்னு அன்னைக்கே தெரியும். எல்லாத்தையும் கழட்டிப் புதுசு அடிக்க அரை நாள் ஆகும், சோம்பல்பட்டேன். நாளைக்கு வரைக்கும் எதுக்கு, இப்பவே எந்திரிங்க. அந்தப் புள்ள என்னைக் கேக்கட்டும்.”