இறக்கை முளைக்காத காற்றாலை

கணவாய்ப் பொட்டலில் ஓர் ஆள்காட்டிக் குருவி கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டை இட்டிருந்தது. ஓட்டுக்குள் குஞ்சுகள் கீச்சிடத் தொடங்கிவிட்டன. அந்த நேரம் பார்த்து ஆட்கள் வந்து, பக்கத்திலேயே உயரமான வெள்ளைக் கம்பம் ஒன்றை நட்டுவிட்டுப் போனார்கள். அதுவும் காற்றாலைதான். ஆனால் இறக்கை கிடையாது. காற்று மோதினால் நின்ற இடத்திலேயே ஆடும். அந்த ஆட்டத்திலிருந்து மின்சாரம் வரும்.

மலையடியில் சுழலும் பழைய காற்றாலையில் அடிபட்டுத்தான் ஆள்காட்டியின் அக்காள் செத்தாள். அதனால் கம்பத்தைக் கண்டதுமே அது பயந்துபோய் முட்டைகளைச் சுற்றிச் சுற்றி ஓடியது.

இதை நரி கவனித்தது.

"உனக்கு விஷயமே தெரியாதா? இதுக்கு இன்னும் இறக்கை முளைக்கல. ஆடிக் காத்து அடிச்சதும் முளைச்சிடும். முட்டை போனா போகுது, நீ தப்பிச்சுப் போ!" என்றது.

பக்கத்துக் காடைகள் அதைக் கேட்டு முட்டைகளைப் போட்டது போட்டபடி ஓடின. ஆள்காட்டிக்கு மட்டும் மனம் வரவில்லை.

மறுநாள் ஆடிக் காற்று தொடங்கியது. அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்தக் காற்று. கம்பம் தலையை ஆட்டியது. ஆள்காட்டி பதறிப்போய்த் தன் குலத்து வித்தையைக் காட்டியது. ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு, அது ஒடிந்ததுபோல் நொண்டி நொண்டி ஓடியது. அப்படி ஓடினால் எதிரி முட்டையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வருவான்.

கம்பம் வரவில்லை. ஆள்காட்டி திரும்பிப் போய் மறுபடியும் நொண்டியது.

"நான் நொண்டுறது உன் கண்ணுல படலையா?" என்று கத்தியும் பார்த்தது.

கம்பம் ஓர் அடிகூட நகரவில்லை. பாவம், அதற்கு வேண்டியது காற்று மட்டும்தான்.

ஆனால் புதரிலிருந்து நரி வந்தது. நாக்கில் எச்சில் ஊற, நொண்டிக் குருவியைத் துரத்திக்கொண்டு கம்பத்தடிக்கே வந்துவிட்டது.

"இறக்கை முளைக்கப்போற கம்பமாச்சே, உனக்குப் பயமில்லையா நரியண்ணே?" என்று கேட்டது ஆள்காட்டி.

"வெறும் கம்பம் என்ன செய்யும்?" என்று ஆசையில் உளறிவிட்டது நரி.

ஆள்காட்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நொண்டிக்கொண்டே, கம்பத்துக்குக் காவலிருந்தவனின் நாய்கள் படுத்திருந்த வேலிவரை நரியை இழுத்துப் போய், அங்கே ஜிவ்வென்று மேலே பறந்தது. மிச்சத்தை நாய்கள் பார்த்துக்கொண்டன. நரி அதன்பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் நான்கு குஞ்சுகளும் ஓட்டை உடைத்து வெளியே வந்தன. கம்பத்தின் நிழலில் அவற்றைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டு, "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டது ஆள்காட்டி.

பயம் காட்டுகிறவன் பேச்சைக் கேட்டு ஓடுமுன், நாம் ஓடினால் யாருக்கு லாபம் என்று பார்க்க வேண்டும்.