மகாராஜாவின் தலைவலி யாரால் வந்தது?

மல்லையூர் ரொம்பச் சின்ன ராஜ்யம். காலையில் குதிரை ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லை வந்துவிடும். ஆனால் அதை ஆண்ட கேசரிவர்மருக்கு இருந்த அறிவுத் தாகம் ஏழு ராஜ்யங்களுக்குக் காணும்.

கோட்டைக்குள்ளேயே ஓர் ஆராய்ச்சி மண்டபம் கட்டி, வித்தகராயர் என்பவரைத் தலைவராக வைத்தார். அவருக்குக் கீழே இருபது பண்டிதர்கள். இயற்கை, வைத்தியம், ஜனங்களின் நடத்தை, இந்த மூன்றிலும் தினம் ஒரு புதிய உண்மையைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று உத்தரவு. ராஜா உத்தரவு போட்ட பிறகு உண்மை வராமல் இருக்குமா? வந்து குவிந்தது.

சேவல் கூவிய நாளெல்லாம் பொழுது விடிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ராஜா பயந்துபோய் ஊர்ச் சேவல்களுக்கெல்லாம் காவல் போட்டார். திங்கட்கிழமை, நெய் ஆயுளை வளர்க்கும் என்றார்கள். வியாழக்கிழமை, நெய் ஆயுளைக் குறைக்கும் என்றார்கள். இரண்டுக்கும் பலமான ஆதாரம் இருந்தது. அரண்மனைச் சமையற்காரர் நெய்ச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று என்ன கிழமை என்று கேட்டுவிட்டுத்தான் தாளிக்கவே ஆரம்பித்தார்.

அப்புறம் சிறைச்சாலைக்குப் போய், சௌகரியமாக இருக்கிறீர்களா என்று கைதிகளை விசாரித்தார்கள். பக்கத்தில் காவலர் பிரம்போடு நின்றதால் விசாரணை மிக ஒழுங்காக நடந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் சௌகரியம் என்று சொன்னார்கள். நாட்டிலேயே சந்தோஷமானவர்கள் கைதிகள்தான் என்று ராயர் சபையில் வாசித்தார்.

ராஜாவுக்குப் பேச்சுத் துணையாகச் சபையில் இருந்தவர் குழைக்காதர். அவர் மெதுவாக எழுந்து, அவ்வளவு நல்ல இடத்தில் ராயர் குடும்பத்தோடு ஒரு வருஷம் தங்கி வரலாமே என்றார். ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ராயர் சிரிக்கவில்லை.

அன்று முதல் நாற்பது நாள் ராயர் ஒரு தனி ஆராய்ச்சி செய்தார். நாற்பத்தோராம் நாள் ஏட்டைப் பிரித்தார். குழைக்காதர் ராஜாவைப் பார்க்க வந்த நாள் முப்பத்தொன்று. ராஜாவுக்குத் தலைவலி இருந்த நாளும் அதே முப்பத்தொன்று. அவர் வராத ஒன்பது நாளும் தலைவலி இல்லை. ஆகவே ராஜாவின் தலைவலிக்குக் காரணம் குழைக்காதர். அவரை நாடு கடத்தினால் குணமாகும்.

ஏட்டில் ஓர் எண்கூடத் தப்பில்லை என்பது குழைக்காதருக்கே தெரியும். தலைவலி வந்தால்தானே ராஜா அவரைக் கூப்பிட்டு அனுப்புவார். அதைச் சொல்லிப் பார்த்தார். அது பாதிக்கப்பட்டவரின் சொந்த அபிப்பிராயம், ஆராய்ச்சி ஆகாது என்று ராயர் தள்ளிவிட்டார்.

ராஜா அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "குழைக்காதரே, எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்குப் பதில் ஆராய்ச்சிதான். உம்மிடம் இருந்தால் காட்டும். எட்டு நாள் தருகிறேன். இல்லாவிட்டால் ஒன்பதாம் நாள் நீர் புறப்பட வேண்டியதுதான்."

வீட்டில் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். குழைக்காதர் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் ராணியிடம் போய் ஓர் ஏற்பாடு கேட்டுக்கொண்டார். தினமும் காலையில் ராணி ஒரு சோழியை உருட்ட வேண்டும். நிமிர்ந்து விழுந்தால் அன்று முழுவதும் ராஜாவிடம் குழைக்காதர் மட்டும் போவார். கவிழ்ந்து விழுந்தால் ராயர் மட்டும் போவார். தலை வலித்தாலும் வலிக்காவிட்டாலும் ஆளை மாற்றக் கூடாது. சாயங்காலம் தலை வலித்ததா என்று ராணியே கேட்டு எழுதிவைக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ராஜா ராயரின் வாசிப்பை மட்டுமே கேட்பார் என்றதும் அவரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்.

முதல் நாள் சோழி நிமிர்ந்தது. குழைக்காதர் போய், கோயில் யானை குருக்களின் குடையைத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் கவிழ்ந்தது. எருமை வாலின் நீளத்துக்கும் ஐப்பசி மழைக்கும் உள்ள சம்பந்தத்தை ராயர் நூற்றிருபது ஏடுகளில் எழுதியிருந்தார். நாலாவது ஏட்டிலேயே ராஜாவின் விரல் நெற்றிப்பொட்டுக்குப் போய்விட்டது. வழக்கம்போல் குழைக்காதரைக் கூப்பிடலாமா என்று ராணியைப் பார்த்தார். ராணி தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

ஒன்பதாம் நாள் சபையில் ராணி கணக்கை வாசித்தாள். சோழி நிமிர்ந்த ஐந்து நாளும் தலைவலி இல்லை. கவிழ்ந்த மூன்று நாளும் தலைவலி, அதில் ஒரு நாள் வாந்தியும் உண்டு.

ராயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எட்டே நாள், அதுவும் ஒரே ஒரு தலை. இதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மேலும் ஆராய வேண்டும்." இருபது பண்டிதர்களும் தலையாட்டினார்கள்.

ராஜாவின் முகம் வெளுத்தது. மேலும் என்றால் அது தன் தலையில்தான் விடியும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ராயர் சொல்வது நியாயம்தான் மகாராஜா," என்றார் குழைக்காதர். "ஒரு தலை போதாது. இன்னொரு ராஜாவின் தலையும் வேண்டும். நம் ஏரியை அமுக்கிக்கொண்டு தர மாட்டேன் என்கிறாரே கடம்பங்கோட்டை ராஜா, அவர் தலை சும்மாதான் இருக்கிறது. ராயரைச் சகல மரியாதையோடும் அங்கே அனுப்பிவையுங்கள்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை சரிந்தது. அன்றைக்கே பல்லக்கு ஏற்பாடாயிற்று. ராயரும் பண்டிதர்களும் எருமை வாலோடு எல்லை தாண்டினார்கள். குழைக்காதர் வீட்டில் பாத்திரங்கள் மறுபடியும் அடுக்கேறின.

இருபதாம் நாள் கடம்பங்கோட்டையிலிருந்து தூதர் வந்தார். கண் குழிவிழுந்திருந்தது, நெற்றியில் பற்றுப் போட்டிருந்தார். ஏரிச் சாசனத்தை ராஜாவின் காலடியில் வைத்தார். ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ராயரையும் திரும்ப அழைத்துக்கொள்ளுங்கள் என்று தம் ராஜா கெஞ்சிக் கேட்டதாகச் சொன்னார்.

என்ன செய்யலாம் என்பதுபோல ராஜா திரும்பிப் பார்த்தார்.

"ஏரி மட்டும் போதும் மகாராஜா," என்றார் குழைக்காதர். "நமக்குப் பேராசை கூடாது."