இரும்பைப் பிடித்திருந்த கை

என் கண்ணாணை, இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. பேராசிரியர் ஞானதுரையின் ஆய்வுக்கூடத்தில் அப்போது நான் எடுபிடி. நைட்ரிக் ஆக்சைடு வாயுவை மூன்று அறை தள்ளி இருந்தே மோப்பம் பிடிப்பார் மனுஷர். எத்தனை நொடி வயது என்றும் சொல்லிவிடுவார். அந்த நாளெல்லாம் இனி வருமா!

அவருக்கு முப்பத்து நான்கு வயது. மாணவி இசக்கியம்மாளுக்கு நாற்பத்தாறு. பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். மாட்டு நுரையீரலிலிருந்து பிரித்த நொதி, கடைசியாக ஒரு சொட்டுதான் மிச்சம். அதுவும் விழிக்காவிட்டால் பட்டம் போச்சு.

"பதினோரு தடவை வாயுவைக் கொடுத்துட்டேன் சார். கும்பகர்ணன் மாதிரி தூங்குது."

"எப்படிக் கொடுத்தீங்க அக்கா? செய்ங்க, பார்ப்போம்."

இசக்கியம்மாள் வாயு கரைந்த குப்பியைத் திறந்தார். எங்கள் ஆய்வுக்கூட வழக்கப்படி பேராசிரியரின் நாற்காலியில் அதை வைத்து, கண்மூடிக் கும்பிட்டார்.

ஞானதுரை மூக்கை உறிஞ்சினார். "செத்துப் போச்சு."

"ஐயோ, யாரு சார்?"

"உங்க வாயு. திறந்து வெச்சா காத்து தின்னுடாதா?"

இசக்கியம்மாளுக்கு முகம் செத்துவிட்டது. "சில நொடிகூட உயிர் தங்காதது, அவ்வளவு பெரிய நொதியை எப்படி சார் எழுப்பும்?"

ஞானதுரை தன் நாற்காலியைத் தூக்கினார், மாடி ஜன்னல் வழியே வீசினார். அது போய் விழுந்த தெருவின் பெயரைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

"இப்ப செய்ங்க."

கும்பிட இடமில்லை. புதுக் குப்பியை மூடி திறக்காமல் ஊசியால் உறிஞ்சி, கடைசிச் சொட்டில் செலுத்தினார். கருவியின் முள் இருநூறு மடங்கு ஏறி நடுங்கியது.

"முழிச்சிருச்சு சார்! வாயு என்னதான் செஞ்சுது?"

"நொதிக்குள்ள ஒரு இரும்பு இருக்கு. அதை ஒரு கை பின்னாலிருந்து பிடிச்சிருக்கும். வாயு முன்பக்கம் வந்து ஒட்டிச்சு. அந்தக் கை விட்டுடுச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இசக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கட்டுரையில உங்க பேரைத்தான் முதல்ல போடுவேன்."

"விட்ட கைக்கு எதுக்குக்கா பேரு?"



யார் கேட்டாலும் எங்கேயோ காதில் விழுந்தது என்று சொல்லுங்கள். என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள், புண்ணியமாய்ப் போகும்.